விமான டிக்கெட்டோடு வாங்கும் கார்பன் ஈடு: மதுரையிலிருந்து ஒரு கணக்கு

இணையத்தில் விமான டிக்கெட் எடுக்கும்போது, சில தளங்களில் பணம் கட்டும் பக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பெட்டி வரும். உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டுங்கள் என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே ஒரு சிறு தொகை. டிக் செய்தால் ஒரு பச்சை இலைப் படம் தோன்றும். பயணம் 'கார்பன் நியூட்ரல்' ஆகிவிட்டது, அதாவது விட்ட புகையும் வேறெங்கோ குறைத்த புகையும் சரிக்குச் சரி என்று பொருள்.

அதை டிக் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பெட்டியின் வழியாக வேண்டாம். வானத்தில் விட்ட புகையை அது திரும்ப எடுத்துத் தராது. நல்ல காரியத்துக்கு நன்கொடை என்று எடுத்துக்கொண்டால்கூட, அதே பணம் எங்கே போனது என்று கண்ணால் பார்க்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கிலோ கணக்கு வேண்டும். எத்தனை கிலோ என்று தெரியாமல் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம்.

ஒரு சீட்டுக்கு எத்தனை கிலோ

விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரிபொருளில் இருக்கும் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை மூன்று மடங்காகிறது. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ பயன்படுத்தும் எண் இதுதான்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் இந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 700 கிலோ எரிபொருள் குடிக்கும். உள்ளே 60 பேர் இருந்தால் தலைக்கு 12 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 37 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஏர்பஸ் 320 என்றால் சுமார் 2 டன் எரிபொருள், 150 பேர். தலைக்கு 42 கிலோ. ஆக ஒரு வழிக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் பாதி காலியாகப் போனால் உங்கள் பங்கு கூடும்.

இதே பயணம் ரயிலில் 495 கிலோமீட்டர். மதுரை–சென்னைப் பாதை முழுக்க மின்மயமானது. இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வந்தாலும் தலைக்கு 5 முதல் 8 கிலோதான் ஆகும். ஏசி ஸ்லீப்பர் ஆம்னி பஸ் 460 கிலோமீட்டருக்கு 130 லிட்டர் டீசல் எடுத்து 30 பேரைச் சுமந்தால் தலைக்கு 12 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பலர் யோசிக்காத இடம் கார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஒருவர் மட்டும் சென்னைக்குப் போனால் 65 கிலோவைத் தாண்டும். விமானத்தைவிட மோசம். அதே காரில் நான்கு பேர் போனால் 17 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பறப்புக்கு போயிங் 737 வகை விமானம் 10 டன் அளவில் எரிக்கும். 160 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200 கிலோ. போய்வர 400. சிங்கப்பூரும் ஏறக்குறைய இதே தூரம், இதே அளவு. அமெரிக்காவுக்குப் போய்வந்தால் சாதாரண வகுப்பிலேயே 2 டன்னுக்கு மேல். பிசினஸ் வகுப்பில் ஒரு சீட் பிடிக்கும் இடத்தைக் கணக்கில் எடுத்தால் இரண்டரை, மூன்று மடங்கு. இந்தியாவில் ஒரு மனிதருக்கு ஆண்டு முழுவதற்குமான சராசரியே சுமார் 2 டன்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது கார்பன் டை ஆக்சைடு மட்டும். உயரத்தில் பறக்கும் ஜெட்டுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு நிற்கிறதே, அதுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எஞ்சினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தம் பங்குக்குச் சூடேற்றும். விமானப் போக்குவரத்தால் இதுவரை ஏற்பட்ட வெப்பமூட்டலில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மற்ற காரணங்களால் என்று 2021-இல் வெளியான விரிவான ஆய்வு சொல்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ள பிரிட்டன் அரசின் கணக்கீட்டு வழிகாட்டியில் 1.7 ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். இதற்கு நம் ஊரில் ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளைக் கோடு விழ மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். தமிழ்நாட்டின் மேல் அது சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில்தான் கிடைக்கும். 5, 6 கிலோமீட்டரில் பறக்கும் ஏடிஆருக்கு இந்தப் பெருக்கல் பெரிதாகப் பொருந்தாது. துபாய் ஜெட்டுக்குப் பொருந்தும்: 400 கிலோ 680 ஆகிவிடும்.

ஒரே பயணத்துக்கு இரண்டு தளங்கள் இரண்டு விடை தருவது இதனால்தான். ஒன்று 1.7 ஆல் பெருக்கியிருக்கும், இன்னொன்று பெருக்கியிருக்காது. நேர்க்கோட்டுத் தூரத்தோடு சுற்றுப்பாதைக்காகக் கொஞ்சம் சேர்ப்பதிலும் வித்தியாசம் வரும். 550 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு 50, அதற்கு மேல் 5,500 வரை 100, அதையும் தாண்டினால் 125 கிலோமீட்டர் என்று ஐகாவோ கூட்டுகிறது. விமானம் எத்தனை நிரம்பியது என்ற ஊகம் மூன்றாவது. பெருக்கல் சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், போதும்.

20 ரூபாய்க்கு எதை வாங்குகிறோம்

ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன். எங்கோ ஒரு திட்டத்தால் ஒரு டன் புகை குறைந்தது, அல்லது காற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு தனியார் பதிவகம் கொடுக்கும் சான்று அது. வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்டு இரண்டும் அவற்றில் பெரியவை. பழைய காற்றாலை, நீர்மின் கிரெடிட்டுகள் டன்னுக்கு ஒரு டாலர் அளவிலும் கிடைத்திருக்கின்றன. காடு சார்ந்தவை பெரும்பாலும் 5 முதல் 15 டாலர். 5 டாலர் என்றே வைத்தால் சென்னைப் பயணத்தின் 40 கிலோவுக்கு 20 ரூபாய்கூட ஆகாது. இத்தனை மலிவாக ஒரு டன்னைக் குறைக்க முடியும் என்றால் உலகம் எப்போதோ குறைத்திருக்கும். விலையைப் பார்த்தவுடனே சந்தேகம் வர வேண்டும்.

சந்தேகப்பட வேண்டிய முதல் இடம்: அந்தப் பணம் வராவிட்டாலும் அந்த வேலை நடந்திருக்குமா? இதற்கு நமக்குக் குமரி மாவட்டத்தின் காற்றாலை ஊரான முப்பந்தலைவிட நல்ல பாடம் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் தேனிப் பக்கமும் காற்றாலைகள் எழுந்த காலத்தில், நூற்பாலை முதலாளி ஒருவர் காற்றாலை நிறுவ வலுவான காரணங்கள் இருந்தன. மின்வெட்டு ஒன்று. ஆலைக்கான மின்கட்டணம் இரண்டு. முதலாண்டிலேயே 80 சதவீதம், அதற்கு முன்பு 100 சதவீதம்கூடத் தேய்மானம் காட்டி வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை மூன்று. கார்பன் கிரெடிட் வருமானம் இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது. ஐ.நா.வின் பருவநிலை ஒப்பந்தமான கியோட்டோவின் கீழ் கிரெடிட் பெற்ற இந்தியக் காற்றாலைகளை மட்டும் எடுத்து ஆராய்ந்த பொருளியலாளர்கள், குறைந்தது 52 சதவீதம் கிரெடிட்டுகள் எப்படியும் கட்டப்பட்டிருக்கும் திட்டங்களுக்கே போயின என்று கண்டார்கள். அந்தக் கிரெடிட்டை வாங்கிய ஐரோப்பிய நிறுவனம் அதைக் காட்டித் தன் புகையைத் தொடர்ந்து விட்டது. மொத்தத்தில் புகை கூடியது.

காற்றாலை கெட்டது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்கு அவை தந்த மின்சாரம் பெரிய சொத்து. நான் மறுப்பது, நடந்து முடிந்த நல்ல காரியத்தின் பெயரால் புது விமானப் புகைக்கு ரசீது போடுவதை. வெர்ராவும் கோல்ட் ஸ்டாண்டர்டும் 2019-க்குப் பிறகு, மிக வறிய நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் மின்தொகுப்போடு இணைந்த புதிய காற்றாலை, சோலார் திட்டங்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டன. பழையவை இன்னும் விற்பனையில் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில், சட்டக் கட்டாயமில்லாமல் கிரெடிட் வாங்கும் தன்னார்வச் சந்தைக்குத் தரம் நிர்ணயிக்கும் ஐசிவிசிஎம் குழு, இந்த வகைக் கிரெடிட்டுகளுக்குத் தன் தர முத்திரையைத் தர மறுத்தது. அப்போது பயன்படுத்தப்படாமல் இருந்த கிரெடிட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில் அடிபட்டது.

இரண்டாவது, காட்டைக் காப்பாற்றும் திட்டங்கள். அழகர்மலைக் காட்டை அழியாமல் காக்கிறேன், ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் டன் மிச்சம் என்று ஒருவர் கிரெடிட் விற்க வருகிறார் என்று கற்பனை செய்யுங்கள். அது ஏற்கெனவே வனத்துறையின் கையில் இருக்கிற காடு. நாளைக்கே யாரும் வெட்டப் போவதில்லை. ஆனால், நான் இல்லாவிட்டால் வெட்டியிருப்பார்கள் என்று ஒரு கோடு வரைந்து காட்டினால் கிரெடிட் பிறந்துவிடும். நடக்காத ஒன்றை அளப்பதால், அந்தக் கோட்டை எவ்வளவு உயர்த்தி வரைகிறோமோ அவ்வளவு வருமானம். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஆறு நாடுகளில் 26 காட்டுத் திட்டங்களைப் பரிசோதித்து, அவை விற்கத் திட்டமிட்ட கிரெடிட்டுகளில் சுமார் 6 சதவீதத்துக்கு மட்டுமே உண்மையான குறைப்பு தெரிகிறது என்றது. அப்படியே ஒரு மலையில் வெட்டுவது நின்றாலும், விறகுக்குத் தேவை குறையாதவரை கோடரி சிறுமலைப் பக்கம் நகர்ந்துவிடும். கணக்கில் அது வராது.

விறகடுப்பை மாற்றித் தரும் திட்டங்களிலும் இதே கதைதான். கொடுத்த அடுப்பை எத்தனை வீட்டில் எத்தனை நாள் ஏற்றுகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போவதால், சராசரியாக 9 மடங்கு மிகைக் கிரெடிட் வழங்கப்பட்டதாக 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

மரம் நட்டால் ஆகாதா?

மரத்தை அளந்தே பார்த்துவிடலாம். ஒரு வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், தையல் டேப்பைச் சுற்றுங்கள். 63 சென்டிமீட்டர் வந்தால் குறுக்களவு 20. உயரம் 8 மீட்டர் என்போம். வேம்பின் கட்டை அடர்த்தியை வைத்து வழக்கமான சூத்திரத்தில் போட்டால், தரைக்கு மேலே உலர்ந்த எடை ஏறக்குறைய 120 கிலோ. அதில் 47 சதவீதம் கார்பன், 57 கிலோ. கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 210 கிலோ. வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 260.

துபாய்க்கு ஒரு வழிப் பயணம் 200 கிலோ. ஆக நன்றாக வளர்ந்த அந்த ஒரு வேம்பு ஒரு வழிக்குச் சமம், திரும்பி வர இன்னொன்று வேண்டும். வெள்ளைக் கோட்டையும் சேர்த்தால் மூன்று. மானாவாரியில் ஒரு வேம்பு அந்தப் பருமனுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கும். விமானம் நான்கு மணி நேரத்தில் விட்டுவிட்டது. விட்டதில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வளிமண்டலத்தில் நிற்கும். மரமோ நிற்கும்வரைதான். நான்குவழிச்சாலைக்கு எடுத்தாலும், வீடு கட்ட வெட்டினாலும், அடுப்பில் எரித்தாலும் அந்த 260 கிலோவும் மேலே போய்விடும்.

அதுவும் பிழைத்தால். மதுரையில் மரக்கன்று சாவதற்கு முதல் காரணம் தேதி. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு நட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கேரளத்தில் அது மழைக்காலம். இங்கே ஜூன், ஜூலை அனல்காற்று. நம்முடைய பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து, முதல் மழை இறங்கியதும் நட்டால் வேர் பிடிக்க இரண்டரை மாதம் ஈரம் கிடைக்கும். குழி இரண்டு அடி ஆழம், இரண்டு அடி அகலம் வேண்டும்; கரிசலாக இருந்தால் அடியில் மணல் கொஞ்சம் போட வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதன் பிறகு இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறையாவது 10, 15 லிட்டர் ஊற்ற ஆள் வேண்டும். ஆட்டுக்கு எட்டாமல் முள் அடைக்க வேண்டும். கன்றின் விலை இந்தச் செலவில் சின்னது. ஒரு மரத்துக்கு 50 ரூபாய் என்று விளம்பரம் செய்பவர்களிடம், இரண்டாவது கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேளுங்கள். அவர்கள் பெயரும் ஊரும் சொன்னால் பணம் கொடுங்கள். நிழலுக்கும் மண்ணுக்கும் பறவைக்கும் அது நல்ல பணம். விமானக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

மேலூர் வயலில் ஒரு குழாய்

இப்போது நெல் வயல் கிரெடிட்டுகள் பேசப்படுகின்றன. நம் பெரியாறு–வைகைப் பாசனப் பகுதியான ஆயக்கட்டை வைத்துப் பார்த்தால் இந்த முறையின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. அந்த இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு 27 கிலோவுக்குச் சமம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மண் அவ்வப்போது மூச்சு விட்டு, மீத்தேன் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரை டன் அளவு மிச்சம் என்று பொதுவான கணக்கு. உண்மையான மிச்சம், உடனே நடக்கிற மிச்சம், காடு போல எரிந்து திரும்பிப் போகாத மிச்சம். இந்த மூன்று குணமும் சேர்ந்த திட்டங்கள் குறைவு.

செய்முறைக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீளத்தில் பிவிசி குழாய் ஒன்று, கை நுழையும் அகலத்தில். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை முழுக்க அள்ளிவிட வேண்டும். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே, வயலின் சராசரி மட்டத்தில் இருக்க வேண்டும். நடவு முடிந்து இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம். குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்ச வேண்டும், 5 சென்டிமீட்டர் நிற்கும் வரை. பூக்கும் வாரத்தில் காயவிடக் கூடாது, பதர் விழும். பிசகுவது எங்கே என்றால், உள்மண்ணை எடுக்காமல் விட்டுவிடுவார்கள், துளை சேறில் அடைபடும், குழாய் பொய் சொல்லும். மேடான மூலையில் நட்டாலும் அப்படியே. நடவு முடிந்த உடனே காயவிட்டால் களை கிளம்பி, மிச்சப்பட்ட தண்ணீர்க் காசு களையெடுக்கிற கூலிக்குப் போகும்.

இனிக் கேள்வி. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூரும் திருமங்கலமும் ஒருபோகம். பெரியாறு–வைகைத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். கடைமடை வயல் வருஷா வருஷம் தானாகவே காய்கிறது. அங்கே காய்ச்சல் விவசாயி விரும்பிச் செய்வதல்ல, வாய்க்கால் செய்வது. அந்த வயலில் குழாய் நட்டு, முன்பு எப்போதும் தண்ணீர் நின்றது என்று எழுதி கிரெடிட் வாங்கினால், நடக்காத குறைப்பு விற்கப்படுகிறது. கிணற்று நீரும் வாய்க்கால் நீரும் சேர்ந்து ததும்பும் சோழவந்தான் பக்கத்து வயலில் அதே குழாய் உண்மையான டன்னைக் குறைக்கும். குழாய் ஒன்று, முறை ஒன்று. வயலின் பழைய பழக்கம் வேறு. கிரெடிட் வாங்குகிறவர் இந்த வித்தியாசத்தை ஆவணத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் சோதனை. பல திட்டங்களில் முடியாது, ஏனென்றால் முன்பு எப்படிப் பாய்ச்சினீர்கள் என்று வாய்வழியாகக் கேட்டு ஒரு படிவத்தில் நிரப்பியிருப்பார்கள்.

விவசாயி கைக்கு வருவதும் கவனிக்க வேண்டியது. அரை டன்னுக்கு டன் 12 டாலர் கிடைத்தாலே ஏக்கருக்கு 500 ரூபாய் சொச்சம். சரிபார்ப்புச் செலவும் நடத்துகிற நிறுவனத்தின் பங்கும் போக மீதிதான் அவருக்கு. அடுத்த போகத்தில் அவர் விலகிவிட்டால் குறை சொல்ல முடியாது.

விமானக் கம்பெனிகளின் பங்கு

பன்னாட்டு விமானங்களுக்கு கோர்சியா என்ற திட்டத்தை ஐகாவோ 2016-இல் கொண்டுவந்தது. 2019-ஆம் ஆண்டு அளவில் 85 சதவீதத்தைத் தாண்டும் புகைக்குக் கம்பெனிகள் கிரெடிட் வாங்க வேண்டும். இந்தியா 2027-இல் தொடங்கும் கட்டாயக் கட்டத்தில்தான் சேர்கிறது. மதுரை–சென்னை போன்ற உள்நாட்டுப் பயணம் இதில் வராது. எனவே கம்பெனியே கட்டிவிடும் என்று நீங்கள் இருக்க முடியாது. விளம்பரத்தைப் பொறுத்தவரை காற்று மாறிவிட்டது: 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கேஎல்எம் விமான நிறுவனத்தின், புகையை ஈடுகட்டுவதாகச் சொன்ன விளம்பரங்கள் திசைதிருப்புபவை என்று தீர்ப்பளித்தது. ஈடு கட்டியதைக் காட்டி ஒரு பொருளை 'நியூட்ரல்' என்று விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பரிலிருந்து தடுக்கிறது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

அலுவலகமோ மாநாடு நடத்துபவர்களோ கேட்டுவிட்டார்கள், வாங்கியே தீர வேண்டும் என்றால், திட்டத்தின் பெயரையும் பதிவக எண்ணையும் முதலில் கேளுங்கள். எண் தராமல் 'பல திட்டங்களின் தொகுப்பு' என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். எண் கிடைத்தால் வெர்ராவின் பதிவகத் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். முறைமை என்ற இடத்தில் ஏசிஎம் 0002 என்று இருந்தால் அது மின்தொகுப்போடு இணைந்த காற்றாலை, சோலார், நீர்மின் வகை. மேலே சொன்ன காரணத்துக்காக விட்டுவிடுங்கள். விண்டேஜ் என்பது குறைப்பு நடந்த ஆண்டு. ஐந்து வருஷத்துக்கு மேல் பழையது என்றால் அது விற்காமல் கிடந்த சரக்கு. பிறகு திட்ட விவர ஆவணத்தைத் திறந்து, திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லும் பகுதியை மட்டும் படியுங்கள். அது எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அழகர்மலைக் கேள்வியையும் மேலூர்க் கேள்வியையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிறகு கிரெடிட்டை ரிட்டயர் செய்ய வேண்டும், அதாவது பயன்படுத்தியாயிற்று என்று பதிவகத்தில் முடக்க வேண்டும். செய்யாவிட்டால் அதே கிரெடிட் அடுத்தவருக்கும் விற்கப்படலாம். ரிட்டயர் ஆனதற்கு வரிசை எண்ணும், யார் பெயரில் என்ற குறிப்பும் பதிவகத்தில் தெரியும். உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் இலைப் படம் போட்ட சான்றிதழுக்கு மதிப்பில்லை; வரிசை எண்ணுக்குத்தான்.

நிரந்தரமாகக் கார்பனைப் பூட்டிவைக்கும் வகை தனி. காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சி ஐஸ்லாந்துப் பாறைக்குள் இறக்குவது டன்னுக்குப் பல நூறு டாலர். கரித்தூளாக்கி மண்ணில் சேர்க்கும் பயோசார் நூறு, இருநூறு டாலர் அளவு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கிடைக்கும் சீமைக்கருவேலத்துக்கு இது பொருத்தமாகத் தெரியும். ஆனால் நம் வழக்கமான கரிமூட்டம் இதற்கு ஆகாது. மண் மூடிப் புகையவிடும் மூட்டம் மீத்தேனை அள்ளி விடும். வந்த கரியும் அடுப்புக்குப் போனால் எல்லாம் திரும்பக் காற்றுக்குத்தான். புகையையும் சேர்த்து எரிக்கும் கூம்பு உலையில் சுட்டு, கரியை வயலில் கலந்தால் மட்டுமே கணக்கு. இந்த விலைதான் ஒரு டன்னின் உண்மையான விலைக்கு அருகில் இருக்கிறது என்பது என் எண்ணம். 20 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்தை எங்கே வைப்பது

சென்னைக்கு விமானத்தை விடுவதுதான் இந்த ஊர்க்காரருக்குக் கையில் இருக்கும் பெரிய குறைப்பு. தேஜஸும் வந்தே பாரத்தும் ஆறு மணி நேரத்தை ஒட்டி எழும்பூரில் விடுகின்றன. ஊரிலிருந்து விமான நிலையம் போவது, முன்கூட்டி நிற்பது, பறப்பு, மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் வருவது எல்லாம் சேர்த்தால் விமானத்துக்கும் நான்கரை ஐந்து மணி ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்காக 35 கிலோ. இரவு பாண்டியனில் ஏறினால் அந்த ஒரு மணியும் தூக்கத்தில் போகிறது. பெங்களூருக்கும் வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள். வளைகுடாவுக்கு ரயில் கிடையாது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவதை யாரும் குறை சொல்லத் தேவையும் இல்லை. நேர் விமானம் கிடைத்தால் எடுக்கலாம். சென்னை வழியாகச் சுற்றினால் 400 கிலோமீட்டர் கூடுதலும் இன்னொரு முறை மேலே ஏறும் எரிபொருளும் ஆகும்.

பறந்தே ஆக வேண்டிய பயணங்களுக்கு ஒரு தொகையை ஒதுக்க விரும்பினால், மொட்டைமாடி சோலார் நல்ல அளவுகோல். மதுரை வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும், வருஷத்துக்கு 1,460. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ என்பதால் ஏறக்குறைய ஒரு டன் மிச்சம். மானியம் இல்லாமல் கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 20 வருஷம் ஓடும் என்று கொண்டால் டன்னுக்கு 2,900 ரூபாய். துபாய் போய்வர 680 கிலோவுக்கு 2,000 ரூபாய் ஒதுக்க வேண்டும், அமெரிக்காவுக்கு, 1.7 பெருக்கலோடு, 10,000-க்குக் குறையாமல். சொந்த வீட்டில் மாட்டினால் மின்கட்டண லாபமும் மத்திய அரசின் 78,000 ரூபாய் வரையான மானியமும் உங்களுக்கே வருகிறது, எப்படியும் செய்திருப்பீர்கள். நூற்பாலைக் காற்றாலையின் கேள்வி இங்கேயும் எழும். அதனால் மின்கட்டணம் கட்டத் திணறும் முதியோர் இல்லம், விடுதி, சிறு பள்ளி போன்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே பட்டியலில் இல்லாத இடமாக. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் ஒரு கிலோவாட்டுக்கான பணம் திரளும். தண்ணீர்த் தொட்டி நிழல் பத்து மணிக்கு மேல் தகட்டில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு தகட்டில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடும். மாதம் இருமுறை தூசி துடைக்கும் ஆள் யார் என்பதையும் அப்போதே எழுதிவையுங்கள்.

இங்கே மிச்சம் 20 வருஷத்தில் மெல்ல வருகிறது, புகை இன்றைக்கே போய்விட்டது. ஆகவே இதையும் ஈடு என்று அழைக்கக் கூடாது. கல்லூரிகளும் கம்பெனிகளும் ஆண்டறிக்கையில் எழுதும்போது இரண்டு வரியாக எழுத வேண்டும்: பறந்ததால் விட்டது இத்தனை டன் என்று ஒன்று, வெளியே கொடுத்த பணமும் அதனால் குறைந்த டன்னும் என்று இன்னொன்று. இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்து ஒற்றை எண்ணாக எழுதுபவர்களிடம் கழிக்காத எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.